சிவப்புக் கோடு போட்ட ப்ளக் பாயிண்ட்

எங்கள் தீவு கையகலம்தான். அதற்குள் இரண்டு ஆட்சி, இரண்டு கரண்ட். பிரெஞ்சுப் பக்கம் இருநூற்றிருபது வோல்ட், டச்சுப் பக்கம் நூற்றுப்பத்து. ஒடிலியா குடியிருந்தது பிரெஞ்சுப் பக்கம். ஓட்டல் அறைகளைப் பெருக்கி வயிறு கழுவியது டச்சுப் பக்கம். இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, மிக்ஸி எல்லாம் அங்கே வாங்கியவை. அதனால் ஊரில் எல்லோரையும் போல அவள் வீட்டுச் சமையலறை மூலையிலும் இருநூற்றிருபதை நூற்றுப்பத்தாகக் குறைக்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டு கிடந்தது. அங்கே வாங்கிய சாமானின் தட்டைக்கால் ப்ளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இங்கத்திய உருண்டைக்கால் ப்ளக்கை மாட்டிவிடுவோம். பிறகு எதுவும் எந்த ஓட்டையிலும் நுழையும். சாவும் நுழையும் என்று எவன் நினைத்தான்?

கூடத்தில் இரண்டு ப்ளக் பாயிண்ட் அருகருகே இருந்தன. டிரான்ஸ்பார்மரிலிருந்து வருவது எது என்று தெரிய, அவள் புருஷன் கிளெவான் அவளுடைய நகப்பாலிஷை எடுத்து அதற்கு மேலே சுவரில் சிவப்பாக ஒரு கோடு இழுத்திருந்தான்.

"என் பாலிஷ்தான் கெடச்சுதாய்யா உனக்கு?" என்று அன்றைக்கு அவள் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும்.

கட்டட வேலை செய்து செய்து, சிமெண்ட் தூசி கிளெவானின் நெஞ்சை அரித்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து மகள் ரோசெல் ஆக்சிஜன் மெஷின் அனுப்பினாள்; அதுவும் நூற்றுப்பத்து வோல்ட்தான். எலக்ட்ரீஷியன் வழக்கம்போல் ப்ளக்கை மாற்றிக் கொடுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற மனுஷன் அழுக்குச் சுவரையா பார்க்க வேண்டும் என்று ஒடிலியா கூடம் முழுக்க வெள்ளை அடித்தாள். கோடும் அதற்குள் போயிற்று. பாவி மனுஷிக்கு அது உறைக்கவே இல்லை!

வீட்டுக்குள் வந்ததும் கிளெவான் சிரித்தான். "சுவரு பளபளன்னு இருக்கே ஒடீ! யாருக்குக் கல்யாணம்?"

சொல்லி முடிப்பதற்குள் மூச்சு இழுத்தது. அவள் பதறி ஓடிப் போய் மெஷினைச் செருகினாள். படாரென்று வெடித்துப் புகை கிளம்பியது. அப்போதுதான் சுவரைப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். "கோட்டை அழிச்சுட்டேனே! உன்னைக் கொன்னுட்டேனே!" என்று அலறினாள்.

"மெஷின் சரியில்லன்னு... சொல்லிடு," என்றான் திக்கித் திக்கி. "உன் மேல பழி வேண்டாம்."

வண்டி வருவதற்குள் போய்விட்டான். வந்தவர்களிடம் அவன் சொன்னபடியே சொன்னாள்.

சாயங்காலம் ரோசெல் போனில் கதறினாள். "யாரோ வச்சிருந்த பழைய மெஷினத்தானேம்மா வாங்கி அனுப்பினேன்! அப்பாவ நான்தான் கொன்னுட்டேன்!"

ஒடிலியாவைக் காப்பாற்றக் கிளெவான் விட்டுப்போன பொய், பெற்ற பெண்ணின் தலையில் போய் விழுந்திருந்தது.

"இல்லடி கண்ணு. மெஷின் நல்ல மெஷின்தான். அப்பா போட்ட கோட்டு மேல நான் வெள்ளை அடிச்சுட்டேன்."

மகளுக்கு அந்தக் கோடு தெரியும். அதைப் பார்த்துச் செருகி வளர்ந்தவள்தானே. அந்த முனையில் அழுகை சட்டென்று நின்றது.

"ரோசெல்... கேக்குதாடி?"

மகள் போனை வைத்துவிட்டாள். அடக்கத்துக்கு வந்தபோதும் ரோசெல் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடத்தில் உட்கார்ந்து அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.