மத்தியானம் ஒரு மணிக்கு லேப்டாப் எங்கே?

“...அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. மத்தியானம் ஒரு மணிக்கு இந்தப் பொட்டி எங்க இருக்கும்?”

போன சனிக்கிழமை, வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஷோரூமில், என் மனைவி ஸ்டெல்லா கேட்ட கேள்வி இது.

சேல்ஸ்மேன் திகைத்துப் போனார். பாவம், அதுவரை அவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். பதினேழு இன்ச் திரை, டிவிடி ரைட்டர், டிவி ட்யூனர், அடியில் ஒரு சப்-ஊஃபர், விரல் வைத்தால் திறக்கும் பூட்டு, கையில் ஒரு ரிமோட்... எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. பேட்டரியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, “சார்ஜ் ரெண்டு மணி நேரம் நிக்கும் மேடம்” என்றார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் ரிமோட்டைப் பார்த்தேன்.

கேள்வி அவருக்கு இல்லை, எனக்கு. அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டுமானால் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் மகள் நான்ஸி அயர்லாந்தில் நர்ஸ். அம்மா வழியில் போன பெண். ஸ்டெல்லாவும் நர்ஸாக இருந்து இப்போதுதான் ரிடையர் ஆகி வீட்டில் இருக்கிறாள். அங்கே நான்ஸி நைட் டியூட்டி முடித்து ரூமுக்குத் திரும்பும்போது, இங்கே நமக்கு மத்தியானம் ஒரு மணி ஆகியிருக்கும். தூங்கப் போவதற்கு முன்னால் அம்மா முகத்தைப் பார்த்துப் பேசுவாள். எழுந்துவிட்டால் சமையல், குளியல், மறுபடி டியூட்டி என்று ஓட்டம்தான். அந்த ஒரு மணியை விட்டால் அவள் கிடைக்கமாட்டாள்.

முகம் பார்க்க எங்கே போவது? தெரு முனை பிரௌசிங் சென்டர்தான். ப்ளைவுட் தடுப்பு, கதவில்லாத கேபின். பக்கத்து கேபின்களில் துப்பாக்கி கேம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டு நான்ஸி பயந்துபோய், “அம்மா, வேலூர்ல எதுனா கலாட்டாவா?” என்று கேட்டாளாம். ஸ்டெல்லா சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

ஆனால் இன்னொரு நாள் சிரிக்காமல் சொன்னாள். அன்றைக்கு நான்ஸி அழுதிருக்கிறாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை — அவள் வார்டில் ஒரு கிழவர் போய்விட்டார், அதற்கு அழ அந்த ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. “எனக்கும் அழுகை வந்துச்சுங்க. பின்னாடி நாலு பேர் சீட்டுக்கு வெயிட் பண்றாங்க. எப்படி அழுவேன்? நல்லா சாப்பிடுன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.”

அன்றைக்கே முடிவாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும்.

ஒரு சாதாரண மனுஷன் என்ன செய்திருப்பான்? மறுநாளே கடைக்குப் போய், கேமரா வைத்த கம்ப்யூட்டர் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பான். கதை முடிந்திருக்கும். ஆனால் நான் எழுத்தாளனாயிற்றே!

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மீதிப் படிப்பெல்லாம் காட்பாடி — ஆம்பூர் ரயிலில். யார் என்ன பேசினாலும் காதைக் கொடுத்துக் கேட்டு, பிடித்த பேச்சைப் பொறுக்கி வைத்துக்கொள்வேன். அதைத்தான் வாரா வாரம் உங்களுக்குப் பரிமாறுகிறேன். பத்திரிகை ஆசிரியர் வேறு, “இனிமேல் கையெழுத்துப் பிரதி வேண்டாம், டைப் செய்து அனுப்புங்கள்” என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டுத் தொலைத்தது. ‘டெஸ்க்டாப் ரீப்ளேஸ்மென்ட்.’ மேஜையில் வைத்தால் முழு கம்ப்யூட்டர். மடக்கித் தோளில் மாட்டினால் லேப்டாப்.

எனக்குக் காட்சி ஓட ஆரம்பித்துவிட்டது. ஜன்னலோர சீட். மடியில் பதினேழு இன்ச். பாலாற்றுப் பாலம் கடக்கும்போது கடைசி வரியை டைப் செய்கிறேன்... (இத்தனை வருஷத்தில் எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது மிகக் குறைவு என்பது அந்தக் காட்சியில் வரவில்லை.)

தனியாகப் போய் ஏமாறக்கூடாது என்று முதல் தடவை அமீன் பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஆம்பூரில் எக்ஸ்போர்ட் டாகுமெண்ட் பார்க்கும் அதே ஷூ கம்பெனியில் அவர் லெதர் செலக்டர். தோலை மேஜையில் விரித்து, கட்டை விரலால் தடவி, இது முதல் தரம், இது கழிவு என்று பிரிக்கிறவர். எதையும் தடவிப் பார்க்காமல் பேச மாட்டார்.

லேப்டாப்பையும் தடவினார். கவிழ்த்துப் போட்டுத் தடவினார். இலவசமாகக் கொடுக்கும் பையை எடுத்து மோந்து பார்த்து, “ரெக்ஸின்” என்று சொல்லிவிட்டு, மூன்று பேருக்கு முன்னால் கீழே வைத்தார். எனக்கு மானம் போனது. விரல் ரேகைப் பூட்டில் அவர் கட்டை விரலைப் பதித்துப் பார்த்தார் சேல்ஸ்மேன். மெஷின் எடுத்துக்கொள்ளவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். ம்ஹும்.

“என் ரேகை சின்ன வயசுலயே தோல் ஊறப்போடற சுண்ணாம்புத் தொட்டியில போய்ட்சு தம்பி. விட்டுடு” என்றார் பாய். பிறகு என்னைப் பார்த்து, “இன்னா தோஸ்த், எல்லாம் ஜாஸ்தி ஜாஸ்தியா வெச்சிருக்கான். இதுல உங்களுக்கு எது வேணும்?”

“எல்லாம்தான் பாய்.”

“மடியில வெச்சிருக்கறதுக்கு ரிமோட் எதுக்கு?”

சில கேள்விகளுக்கு எழுத்தாளர்கள் மௌனம் சாதிப்பது வழக்கம்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் கேமராவிலிருந்து ஆரம்பித்தேன். தந்திரம்தான். “நான்ஸியைப் பார்க்கறதுக்கு கேமரா உள்ளேயே இருக்கு. தனியா மாட்டவே வேணாம்.”

“என்னா வெயிட்டு?”

“கைக்குழந்தை வெயிட்தான்.”

“எத்தனை மாசக் குழந்தை?”

நர்ஸைக் கட்டிக்கொண்டால் உவமை கூட நிம்மதியாகச் சொல்ல முடியாது. “சார்ஜரோட சேர்த்தா... மூணு மாசம் இருக்கும்.”

“மூணு மாசக் குழந்தையைத் தோள்ல மாட்டிக்கிட்டு டெய்லி ஆம்பூருக்குப் போய்ட்டு வருவீங்களா? போன வருஷம் பத்து நாள் குப்புறப் படுத்துக் கிடந்த முதுகு இது. ஒத்தடம் குடுத்தது யாரு?”

“அது பழைய முதுகு” என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். பிறகு சொன்னாள்: “ஷூவுக்கு வேர் ட்ரையல் பண்றீங்க இல்ல? இதுக்கும் பண்ணுங்க.”

வேர் ட்ரையல் என்றால் என்னவென்று வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் புது மாடல் ஷூ ஆர்டர் ஓடுவதற்கு முன்னால், சாம்பிள் ஜோடியைக் கம்பெனி ஆட்களிடமே கொடுத்துவிடுவார்கள். போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். மழையில் நட, படியேறு, பஸ்ஸுக்கு ஓடு. எங்கே கடிக்கிறது, எங்கே விடுகிறது என்று சொல்ல வேண்டும். சாம்பிள் சைஸ் எட்டு. என் காலும் எட்டு. அதனால் உலகத்தில் எத்தனையோ துரைமார்கள் போடும் ஷூவை அவர்களுக்கு முன்னாலேயே போட்டுக் கடி வாங்கியவன் நான். இந்த ஒரு தகுதிக்காகவே கம்பெனி என்னை வைத்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சரி, ட்ரையல் என்றால் ட்ரையல். லேப்டாப்பை யாரும் ஒரு வாரத்துக்குக் கடன் தரமாட்டார்கள். எடைக்கு என்ன செய்வது? அமீன் பாய் வழி சொன்னார். ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கும் கால் வடிவ அச்சு — லாஸ்ட் என்போம் — கெட்டிப் பிளாஸ்டிக், நல்ல கனம். கழித்துப் போட்ட லாஸ்டுகளைக் கேட்டு வாங்கி, டெஸ்பாட்ச் தராசில் லேப்டாப் எடைக்குச் சரியாக நிறுத்து, ஒரு லேப்டாப் பையை இரவல் வாங்கி அதில் அடைத்துக் கொடுத்தார். “முபாரக் தோஸ்த்” என்று வாழ்த்தினார்.

திங்கட்கிழமை காலை, தோளில் பையோடு வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

என்ன மரியாதை என்கிறீர்கள்! ரயிலில் ஒருவர் நகர்ந்து உட்கார்ந்து, “லேப்டாப்பா சார்? கீழ வெக்காதீங்க, மடியில வெச்சுக்குங்க” என்று இடம் கொடுத்தார். இத்தனை வருஷமாகச் சாப்பாட்டுப் பையோடு நின்றேனே, ஒரு ஆத்மா நகர்ந்ததா? எதிரில் இருந்த வாலிபர் கான்ஃபிகரேஷன் கேட்டார். சேல்ஸ்மேன் சொன்னது அத்தனையும் எனக்கு மனப்பாடம். ரிமோட் உட்பட ஒப்பித்தேன். “ஆன் பண்ணிக் காட்டுங்களேன் சார்” என்றார். “சார்ஜ் இல்லையே” என்றேன். கால் அச்சுக்கு ஏது சார்ஜ்?

ஆம்பூரில் இறங்கும் நெரிசலில் யாரோ பையின் ஜிப்பை இழுத்துவிட்டார்கள். நாலு லாஸ்ட் பிளாட்பாரத்தில் உருண்டது. வேறு ஊராக இருந்தால் ஏதோ ஒரு பொருள் என்று விட்டுவிடுவார்கள். ஆம்பூரில் யாருக்குத் தெரியாது? அதே வாலிபர் ஒன்றை எடுத்துத் திருப்பி, நம்பரைப் படித்து, என் கையில் மரியாதையாகக் கொடுத்தார்.

“லேப்டாப் எட்டாம் நம்பர் போலருக்கே சார்.”

செவ்வாய்க்கிழமை வேறு பெட்டியில் ஏறினேன்.

புதன்கிழமை வலது தோள் போனது. பையை இடது தோளுக்கு மாற்றினேன். வியாழக்கிழமை அதுவும் போனது. “ரெண்டை எடுத்துடுங்க. யார் பாக்கப் போறாங்க?” என்றார் அமீன் பாய். எடுத்தேன். அப்படியே ஒவ்வொன்றாகக் குறைந்து, வெள்ளிக்கிழமை பையில் மிஞ்சியது ஒரே ஒரு லாஸ்டும் தயிர் சாதமும்தான். ஷூ கடிக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லி எத்தனையோ மாடலைத் திருப்பி அனுப்பியவன், என் சொந்த ட்ரையலில் நானே திருட்டுத்தனம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஸ்டெல்லா கேட்டாள். “எப்படி இருந்துச்சு?”

“பஞ்சு மாதிரி இருந்துச்சு.”

பையை அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “சரி, நாளைக்கு நானும் கடைக்கு வர்றேன்” என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்படித்தான் சனிக்கிழமை அந்த ஷோரூமில் சேல்ஸ்மேனுக்கு முன்னால் நானும் ஸ்டெல்லாவும் நின்றோம். நான் ரிமோட்டை அமுக்கி, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த திரையில் சானல் மாற்றிக் காட்டினேன். ஸ்டெல்லா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு எங்கே இருக்கும்?

ஆம்பூரில் இருக்கும். என் மேஜைக்கு அடியில். அந்த வாரம் பூராவும் லாஸ்ட் பை அங்கேதான் இருந்தது. என் தோள் தாங்குமா என்று பார்க்கத்தான் ட்ரையல் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் சாப்பாட்டு மேஜையில், லேப்டாப்புக்கு என்று நான் ஒதுக்கச் சொன்ன இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு மணிக்கு அந்த வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பிரௌசிங் சென்டருக்கு நடந்திருக்கிறாள் ஸ்டெல்லா. ஐந்து நாளும். கடித்தது என் தோளை மட்டும் இல்லை.

“ஞாயித்துக்கிழமை வீட்லதானே இருக்கும்...” என்று இழுத்தேன்.

“ஞாயித்துக்கிழமை நாம சர்ச்சுல இருப்போம்.”

“வேணும்னா முன்னாடியே சொல்லிடு. அன்னைக்கு நான் வெச்சிட்டுப் போறேன்.”

“அழுகை வந்தா அவ முன்னாடி நாளே சொல்லணுமா? லீவு லெட்டர் மாதிரி?”

சத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். சேல்ஸ்மேன் ஒன்றும் புரியாமல் என் கையிலிருந்த ரிமோட்டை மெதுவாக வாங்கிக்கொண்டார். வாரா வாரம் ஊருக்கெல்லாம் கதை சொல்கிறவனுக்கு, பதினேழு இன்ச்சில் எல்லாம் தெரிந்தவனுக்கு, தன் வீட்டு மத்தியானம் தெரியாமல் போயிருக்கிறது.

ஸ்டெல்லா எங்களைத் தாண்டி ஷோரூமின் மூலைக்குப் போனாள். அங்கே யாரும் சீண்டாத ஒரு டெஸ்க்டாப் இருந்தது. பெரிய டப்பா, தடி மானிட்டர், மேலே கிளிப் போட்டு நிறுத்திய ஒரு குட்டிக் கேமரா. பின்னால் கண்டபடி வயர்கள்.

“தம்பி, இதை ஈஸியா தூக்கிட்டுப் போக முடியுமா?”

“அது... முடியாதுங்க மேடம்.” அவர் குரலில் ஒரு சங்கடம்.

“நல்லது” என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேமராவைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தினாள். திரையில் அவள் முகம் வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். புடவைத் தலைப்பைச் சரி செய்தாள். பிறகு நாற்காலியை ஒரு ஓரமாக நகர்த்திக்கொண்டு, திரையில் பாதி இடம் காலியானதும், பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலாலேயே தள்ளிவிட்டாள் — என் பக்கமாக.