குலுங்காமல் களக்காடு போக

கூண்டு வண்டி ஓட்டுவது, மற்றவர்களைத் தூங்கவைத்துவிட்டுத் தான் விழித்திருக்கிற தொழில். வெயிலில் மாடு இழுக்காது என்பதால் பொழுது சாய வண்டி கட்டி, விடியும்போது அவிழ்ப்போம். திருநெல்வேலியில் ஏறுகிறவர் திருச்செந்தூரிலோ களக்காட்டிலோ கண் விழிக்கவேண்டும் என்பது பேச்சு. நம் பக்கத்துச் சாலைகளில் அப்படித் தூங்கி எழுந்தவர் எத்தனை பேர்? தலை கூண்டில் இடிபட்டு, இடுப்பு பலகையில் அடிபட்டு, விடியற்காலையில் ஊமைக்காயத்தோடு இறங்கிப்போன புண்ணியவான்களே, உங்களை எனக்குத் தெரியும். முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் அதே அடிதான்.

ரயில் வந்த பிறகும் ரயில் எட்டாத ஊர்கள் இருக்கின்றன. களக்காடு அதில் ஒன்று. என் மனைவி ஆவுடையம்மாளின் அக்கா அங்கே இருக்கிறாள். ஆவுடை ஒரு மழைக்காலத்தில் ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிசக்கிக்கொண்டவள். வீட்டுக்குள் நடமாடுவாள், எல்லா வேலையும் செய்வாள். வண்டியில் ஏற்றினால் மட்டும் ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். திருப்பிக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிடுவேன். அக்காவுக்கோ கண் மங்கிக்கொண்டே வந்தது. ஒன்று அடைத்துவிட்டது, மற்றது அடைக்கப்போகிறது, அதற்குள் தங்கச்சி முகத்தை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியனுப்பினாள். பாதிக் கண்ணோடு வழிப்பயணம் வர அவளுக்குப் பயம்.

ஆகவே எனக்குக் குலுங்காத வண்டி ஒன்று வேண்டியிருந்தது. ஆசாரிகளிடம் கேட்டேன், சிரித்தார்கள். எனக்குத் தச்சு வேலையும் தெரியாது, கொல்லு வேலையும் தெரியாது. ஆனால் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவனுக்கு யோசிக்க இடம் உண்டு. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். சோதனைக்கு அகப்பட்டவர்கள் என் சவாரிகள்.

வைக்கோல் மெத்தை

முதலில் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுவதுதான். பலகைமேல் வைக்கோலைப் பரப்பி மேலே பாய் போடுவது எல்லா வண்டியிலும் உள்ளது. நான் அதையே மூன்று மடங்காக்கினேன். வைக்கோலைப் பிரி பிரியாக முறுக்கி, குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, நுனிகளைப் பின்பக்கம் வெளியே நீட்டி விட்டேன். படுத்துப் பார்த்தபோது எனக்கே எழுந்திருக்க மனம் வரவில்லை.

முதல் சவாரி பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஒருவர். திருச்செந்தூர்ச் சாலையில் எப்போதும் போல நாலைந்து வண்டிகள் வரிசையாகப் போனோம். வரிசையில் போவதில் ஒரு சௌகரியம்: பின்னால் வருகிற வண்டிக்காரன் தூங்கிவிடலாம், அவன் மாடுகள் முன் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். அன்றைக்கும் வந்தன. அவற்றின் மூக்குக்கு நேராக நான் வைக்கோல் நுனிகளை நீட்டிவிட்டிருக்கிறேன் என்பது என் புத்தியில் படவில்லை. ஆழ்வார்திருநகரி வரும்போது பலபலவென்று விடிந்தது. உபாத்தியாயர் வெறும் பலகையில் கிடந்தார். கடைசிப் பிரி அவர் தலைக்கடியில் இருந்தது. அதை ஒரு மயிலைக்காளை பைய உருவிக்கொண்டிருந்தது. மனுஷர் கோபப்படவில்லை. எழுந்து உட்கார்ந்து, மாட்டின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஆண்டவர் பெறந்தன்னைக்கு மாடு தன் வைக்கோலை விட்டுக்குடுத்துது. உபாத்தியாயனுக்கு யாருவே விட்டுக்குடுக்கா?"

சத்தமில்லாத அச்சு

குலுக்கலைக் குறைக்க முடியாவிட்டால் சத்தத்தையாவது குறைப்போம் என்று அச்சுக்கு வந்தேன். வண்டி மை என்பது வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும். நான் வைக்கோல் கரிக்குப் பதிலாகச் சிரட்டைக் கரியை இடித்து, துணியில் சலித்து, எண்ணெயைக் காய்ச்சிக் குழைத்துப் போட்டேன். சக்கரம் வாயை மூடிக்கொண்டது. மாட்டின் மணியைத் தவிர ஒரு சத்தமில்லை. எனக்கே ஒருமாதிரி இருந்தது, யாரோ கூட வந்தவர் பாதி வழியில் இறங்கிப் போய்விட்ட மாதிரி.

அன்று சவாரி உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவர். மாதம் தவறாமல் என் வண்டியில் வருகிற அண்ணாச்சி, படுத்தால் குறட்டைதான். அன்றைக்கு மட்டும் முன்பக்கத்துப் படுதாவை விலக்கி விலக்கித் தலையை நீட்டினார். ஏன் வண்டி நிற்கிறது என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். நம்பாமல், சாலையோரத்துப் புளியமரங்கள் பின்னால் நகர்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தார். மறுபடி வந்தார். இது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. சத்தம் இருந்தால் தூக்கம் போகும் என்று நினைத்தேன். இவருக்குச் சத்தம் போனதும் தூக்கம் போய்விட்டது. பிறகு வந்த சவாரிகளிடமும் விசாரித்தேன். பாதிப்பேர் அப்படித்தான் சொன்னார்கள். அண்ணாச்சி காலையில் சிவந்த கண்ணோடு இறங்கிச் சொன்னது:

"ஒரு சத்தமும் கேக்காமப் படுத்துக்கெடக்க நான் என்ன பொணமாவே? பழைய மையையே போடும்."

வில்

அடுத்தது பெரிய காரியம். ஒரு மிராசுதாரின் பழைய குதிரைக் கோச்சு, சக்கரம் போய்க் கொல்லன் பட்டறை வாசலில் கிடந்தது. குலுக்கல் தாங்க அதன் அடியில் வைத்திருந்த இரும்பு வில்கள் மட்டும் நன்றாக இருந்தன. கொல்லாசாரியைக் கெஞ்சி, அவற்றை என் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டினேன். சின்ன வில்வண்டிக்கு வில் இருப்பது யாருக்கும் தெரியும். என்னுடையது போன்ற பெரிய கூண்டு வண்டிக்கு மாட்டினவனை நான் பார்த்ததில்லை. இடி போயிற்று. அதற்குப் பதிலாக ஓர் ஆட்டம் வந்தது. பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஒரு தடவை தாழ்ந்து, இரண்டு தடவை எழும்பி, வலப்பக்கம் சாய்ந்து, யோசித்து, இடப்பக்கம் வரும்.

மணப்பாட்டுத் தோணிக்காரர் ஒருவர் ஏறினார். காலம் முழுக்கத் தண்ணீரில் கிடந்தவர். கையில் ஜெபமாலை, வாயில் சுருட்டு. ஸ்ரீவைகுண்டம் போவதற்குள் சுருட்டை எறிந்துவிட்டார். அப்புறம் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கூண்டின் பின்பக்கம் கவிழ்ந்து படுத்து, சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கடலில் வராத வாந்தி கரையில் ஏன் வருகிறது என்று நான் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவருக்கு அது பரிகாசமாகப் பட்டுவிட்டது.

"கொழும்புக்குத் தோணி விட்ட வயிறுவே இது. தண்ணி இல்லாத எடத்துல வச்சுக் கவுத்துட்டீரே."

வில்களைக் கழற்றிப் பட்டறை வாசலிலேயே போட்டேன்.

ஜன்னல்

இது சின்ன வேலை. ஆவுடை படுத்தபடியே வயலையும் மரத்தையும் பார்த்துக்கொண்டு வந்தால் வலி மறக்குமோ என்று, கூண்டுப் பாயில் வலப்பக்கம் ஒரு சதுரம் வெட்டி, ஓரத்தைப் பனைநாரால் கட்டி, மூடித் திறக்க ஒரு தட்டியும் வைத்தேன். கூண்டுக்கு ஜன்னலா என்று ஊரில் சிரித்தவர்கள்கூட உள்ளே ஏறி எட்டிப் பார்த்தார்கள்.

புதிதாகக் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் பாபநாசம் போகிற பெண் ஒருத்தியை ஏற்றினேன். மாமியார் உள்ளே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். நான் பெருமையாகத் தட்டியைத் திறந்து காட்டினேன். அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தாள், எதிர்ப்பக்கத்துப் பாயைப் பார்த்தாள். வெளியில் அவளுடைய ஆட்கள் வழியனுப்ப நின்றுகொண்டிருந்தார்கள். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"இந்தப் பக்கம் வெட்டியிருக்கீகளே அண்ணாச்சி. எங்க அம்மை அந்தப் பக்கம்லா நிக்கா."

தொட்டில்

எனக்கு வழி காட்டியது ஒரு மோர்ச்சட்டி. நாங்குநேரிச் சாலையில் போகும்போது பலகையில் வைத்த தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்து பாய் நனைந்துவிட்டது. கூண்டு வளையத்தில் உறி கட்டித் தொங்கவிட்ட மோர்ச்சட்டியில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதே வண்டி, அதே பள்ளம். பலகையில் இருப்பதை வண்டி அடிக்கிறது, தொங்குவதை அடிக்க வண்டிக்குக் கை எட்டவில்லை. அன்று விடிகிறவரை அந்தச் சட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சட்டி தொங்கலாம் என்றால் ஆள் ஏன் தொங்கக்கூடாது?

கூண்டு வளையங்களுக்குள்ளே இரும்புக் கம்பி கொடுத்து இறுக்கி, இரட்டைச் சாக்கை மடித்துத் தைத்து, நாலு மூலையிலும் வடக்கயிறு போட்டுக் கட்டினேன். நடுவில் கொஞ்சம் அகலம் கூட்டினேன், இடுப்பு பதிந்து கிடக்க. முதலில் கிடந்தவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. நிலவழக்கு விஷயமாகக் களக்காடு போனார், கனத்த சரீரம். கம்பி தாங்குமா என்று எனக்கு உள்ளூரப் பயம். தாங்கியது. மனுஷர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டே போனார். நாங்குநேரியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியபோது கிழக்கு வெளுத்துவிட்டது. மற்ற வண்டிக்காரர்களெல்லாம் கூண்டைச் சுற்றி நின்று அவரை எட்டிப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் திறந்து, தன்னைச் சுற்றி இத்தனை முகத்தைப் பார்த்து, ஒன்றும் பதறாமல் கேட்டார்:

"எல்லாம் செஞ்சிருக்கீரு. தாலாட்டும் தெரியுமாவே?"

வாசலில் நின்ற வண்டி

அந்தச் சந்தோஷத்தில் தொட்டிலைக் கழற்றாமலே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் வண்டி நிற்கிறது, உள்ளே தொட்டில் தொங்குகிறது. தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்த அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள் அதைப் பார்த்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இனி இல்லை என்று நாங்களும் தெருவும் பேசாமல் ஒத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. பேச்சியம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போய், யார் பிள்ளையை எடுத்து வளர்க்கப்போகிறீர்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று ஆவுடையிடம் விசாரித்திருக்கிறாள். அவளோடு இன்னும் இரண்டு பேர். ஒருத்தி கையில் கற்கண்டு வேறு.

நான் மாட்டைக் கட்டிவிட்டு வரும்போது பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாக்கு, கயிறு, கம்பி என்றுதான் அதுவரை அதைப் பார்த்திருந்தேன். வெறும் தொட்டிலை நம் பக்கத்தில் ஆட்டக்கூட மாட்டார்கள். நான் அதைக் காலி வீட்டு வாசலுக்கு, ஆட்டிக்கொண்டே, ஊர் பார்க்க ஓட்டி வந்திருக்கிறேன். வண்டிக்குள் ஏறிக் கயிற்று முடிச்சைப் பிரித்தேன். வடக்கயிறு, இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது ஆவுடை நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். நடுவில் அகலம் கூட்டியிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அது யாருடைய இடுப்புக்கு என்று நான் சொல்லவில்லை.

"அவுக்க வேண்டாம். கட்டுன தொட்டில் சும்மா கெடக்கக்கூடாதுல்லா. நானே படுத்துக்கிடுதேன்."

களக்காடு

மறுநாள் பொழுது சாயக் கிளம்பினோம். பெஞ்சு போட்டு ஏற்றி, தொட்டிலில் படுக்க வைத்தேன். தெரு முழுக்க நின்று பார்த்தது. அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். பாலம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். உதட்டைக் கடிக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வலிக்கிறதா வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன். மூன்றடைப்பு ஊரைத் தாண்டியதும் பதில் வரவில்லை. தூங்கிவிட்டிருந்தாள். எத்தனையோ பேரைத் தூங்கவைத்து ஓட்டியிருக்கிறேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒருவர் தூங்குகிற முகம் தெரியாது. அன்றைக்குத்தான் சாலையை மாட்டிடம் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். மலை தெரிய ஆரம்பித்ததும் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் வெளிச்சம் போதவில்லை. வண்டியின் பின்பக்கம் கிழக்கே பார்க்கத் திருப்பு என்று எனக்கு உத்தரவு போட்டாள். திருப்பினேன். வெயில் கூண்டுக்குள் நேராக விழுந்தது. அவள் தலையை உள்ளே விட்டு, கயிற்றைத் தடவி, சாக்கைத் தடவி, தங்கையின் முகத்துக்குச் சாணளவு தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய், மிச்சமிருந்த அந்தக் கண்ணால் ஒவ்வோர் இடமாகப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, காதோரத்து நரை. ஆவுடை மூச்சைக்கூட விடவில்லை. தெரிகிறதா என்று நான் கேட்கப்போனேன். அதற்குள் அக்கா நிமிர்ந்து, தொட்டில் கயிற்றைப் பிடித்து மெல்ல ஓர் ஆட்டு ஆட்டினாள்.

"ஏட்டி, ஒன்னைத் தொட்டில்ல போட்டு ஆட்டிட்டு அடுப்படிக்குப் போனவ நான். நீ இன்னும் எறங்கலியா?"

அந்தத் தொட்டில் இப்போது அக்கா வீட்டு உத்தரத்தில் தொங்குகிறது, நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொன்ன ஆவுடை பங்குனி போய்ச் சித்திரை வந்த பிறகும் அதில்தான் கிடக்கிறாள். ஆக, அன்பர்களே, இத்தனை பாடுபட்டு வண்டியைத் திருத்தியதில் நான் கண்ட பலன், தினமும் எனக்கு நானே உலை வைத்துக்கொள்கிறேன் என்பதுதான்.