வெயில் கொண்டுவந்த பாங்கு

சாயல்குடிப் பக்கம் எங்கள் ஊர். வெயிலைத் திட்டாமல் எங்களுக்குப் பொழுது போகாது. செல்போன் டவருக்கு சோலார் தகடு மாட்டியபோது, "இந்த வெயிலும் ஒரு வேலை பார்க்கட்டும்" என்று சிரித்தவள் நான்.

அந்த ஐப்பசி அடைமழையில் ஊரில் கரண்டு இல்லை. வெயில் காணாமல் டவரும் அடங்கிவிட்டது. அப்போதுதான் வீட்டிலேயே எனக்கு மகன் பிறந்தான். எங்கள் வழக்கப்படி பிறந்த பிள்ளையின் காதில், தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்ல வேண்டும். சவூதியில் கட்டட வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், போனிலாவது தானே சொல்ல ஆசைப்பட்டிருந்தார்.

"இனியும் சுணங்கக் கூடாதும்மா. நானே சொல்லிர்றேன்" என்றார் என்னைப் பெற்ற அத்தா.

"கொஞ்சம் பொறுங்கத்தா. வானம் வெளுக்குது."

மேகம் விலகி முற்றத்தில் வெயில் விழுந்தது. அணைத்து வைத்திருந்த போனைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்து சிக்னலில் ஒரு கோடு எழுந்தது. மிஸ்டு கால் கொடுத்தேன். உடனே கூப்பிட்டார். விஷயத்தைச் சொல்லி, போனைப் பிள்ளையின் காதருகே வைத்தேன்.

பாங்குச் சத்தம் கேட்டதும், வீறிட்டு அழுதுகொண்டிருந்தவன் அடங்கிப்போனான். அத்தா வாசலுக்குப் போய் டவரையே அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"அங்கன இன்னும் மழையா?" என்று போனில் கேட்டார் என் வீட்டுக்காரர்.

"இல்லைங்க, வெயில் அடிக்குது" என்றேன். நான் வாழ்நாளெல்லாம் திட்டிய வெயில்தான் என் பிள்ளையின் காதுவரை அவர் குரலைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.