போணக்காட்டுச் சத்தியம்

என் அத்திம்பேர் யாருக்கும் முன்னால் ஓட மாட்டார். என்னை முன்னால் விட்டு அவர் பின்னால் வருவார். கையில் வளைந்த பிடி போட்ட நீளக் குடை இருக்கும். நான் கொஞ்சம் தளர்ந்தால் போதும், கெண்டைக்காலில் ஒரு போடு விழும். அடி விழுந்த இடத்தில் கம்பி பதிந்து நீலமாய்க் கிடக்கும். நாங்கள் குடியிருந்த ஸ்ரீவராகத்திலிருந்து சங்குமுகம் கடற்கரைவரை தினம் காலையில் இந்தக் கூத்து. பால்காரன்கூட சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்ப்பான்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அத்திம்பேர் என்றால் என் அக்காவின் கணவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவர் சூப்பிரண்டு, நான் கிளார்க். ஊரில் ஒரு சங்கத்தார், பெரியாஸ்பத்திரியில் புற்றுநோய்க்காரர்களுக்கு வார்டு கட்ட நன்கொடை திரட்டுவதற்காக ஒரு மலையோட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். வித்துராவில் புறப்பட்டு, ரோட்டைத் தொடாமல் காடும் பாறையும் ஆறுமாக ஏறி, போணக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு அலுவலகமும் ஒரு ஜோடியை அனுப்பும். இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேர வேண்டும், ஒருவன் தனியாக வந்து நின்றால் கணக்கில்லை. ஓட்டம் தை மாதத்தில்தான். எங்கள் அத்திம்பேரோ சித்திரையிலேயே என்னை விரட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஊரில் அவருக்கு நல்ல பேர். சந்தியாவந்தனம் தவறாது. வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். சாயங்காலமானால் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் சந்தனத்தோடு வருவார். வந்து வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடுவார். அப்புறம் உள்ளே என்ன நடக்கும் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அக்ரஹாரத்து வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர்தானே, கேட்காமல் இருக்குமா? கேட்டவர்கள் எல்லாரும் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார்கள். அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது, கட்டையில் போகிறவர்கள்!

அக்கா அந்த வேர்வைக் காலத்திலும் முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். ஒரு தடவை அவர் வயிற்றில் உதைத்ததில் நாலு மாதக் கரு கலைந்து போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் லேடி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உள்ளே எல்லாம் கிழிந்து தைத்திருக்கிறது, இன்னொரு உதை விழுந்தால் ஆள் மிஞ்சமாட்டாள் என்று மலையாளத்தில் பொரிந்து தள்ளினாள். நான்தான் ஏதோ உதைத்தவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா பஞ்சாங்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கட்டிக் கொடுத்த பெண்ணை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ள முடியாது, மாப்பிள்ளை மனசு கோணாமல் இருக்க அவள் கற்றுக்கொள்ளட்டும் என்றார். அக்காவின் கல்யாணத்தில் அவள் கையில் பொரி போட்டவன் நான். தம்பி போடும் பொரியை வாங்கித்தான் பெண் அக்னியில் இடுவாள். பொரியிட்ட கை மாப்பிள்ளை மேல் விழக்கூடாது என்று அப்பா அதையும் சேர்த்துச் சொன்னார்.

அதனால்தான் அந்த ஓட்டத்துக்கு ஒத்துக்கொண்டேன். புற்றுநோய் வார்டு நல்ல காரியம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அத்திம்பேரோடு தனியாக ஒரு காடு. தெரு இல்லாத, அப்பா இல்லாத, ஆபீஸ் இல்லாத ஒரு இடம். அங்கே வைத்து அவரைப் பிழிந்து காயப்போட வேண்டும், இனி அக்காவைத் தொடமாட்டேன் என்று அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். அதற்காகத்தான் குடையடியை வாங்கிக்கொண்டு சங்குமுகத்து மணலில் ஓடினேன். அடி விழ விழ எனக்கு மூச்சும் கூடிற்று, ஆத்திரமும் கூடிற்று.

வைகாசி நடுவில் தொடங்கும் எடவப்பாதி மழை பிடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிஜமான பாதையில் ஒரு தடவை ஓடிப் பார்க்கலாம் என்றார். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ் ஏறி வித்துராவில் இறங்கினோம். மழையில் காட்டுக்குள் போகாதீர்கள் சாமி என்று சாயாக்கடைக்காரர் தடுத்துப் பார்த்தார். அத்திம்பேர் குடையால் அவரை விலக்கிவிட்டு நடந்தார். புகையிலை போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை இரண்டு பேரும் காலில் தடவிக்கொண்டு ஏறினோம். அந்த எண்ணெய் அட்டைகளை ஒன்றும் செய்யவில்லை. ஆற்றைத் தாண்டியதும் தண்ணீரில் எண்ணெய் போய்விட்டது, அப்புறம் அவற்றுக்கு விருந்துதான். கான்வாஸ் ஷூவுக்குள் ரத்தம் நசநசவென்று மிதிபட்டது. ஈற்றை மூங்கில் இலை கையையும் முகத்தையும் கீறித் தள்ளியது. நான் வழுக்கி விழும்போதெல்லாம் பின்னாலிருந்து குடை வந்தது. ஒரு தடவை முதுகில் விழுந்தது. அக்காவின் முதுகில் விழுவதும் இதே குடைதான் என்று அப்போது எனக்கு உறைத்தது.

எஸ்டேட்டின் மேல்கோடி தெரிகிற இடத்தில் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் சரிவு. அங்கே நின்று திரும்பினேன்.

"இனிமே அக்கா மேல கை வெச்சா கொன்னுடுவேண்டா" என்றேன்.

அவரை நான் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. என் வாயிலிருந்து வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. சிரித்தார். குடையைத் திருப்பிப் பிடித்து அதன் பிடியால் என் தாடையில் ஒன்று விட்டார். கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. அப்புறம் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிழிந்து காயப்போடப் போனவன் நான், கிழிந்த பாயாகக் கிடந்தவனும் நானே. அவருக்கு என்னைவிட ஒன்றரை மடங்கு உடம்பு. என் நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றிக் கழுத்தை நெரித்தார். அவர் முகத்தில் ஒரு அமைதி இருந்தது. பழகிய வேலையைச் செய்கிறவன் முகத்தில் வருமே, அந்த அமைதி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையில் கிடைத்தது எல்லாம் சேறு. அதை அள்ளி அவர் கண்ணில் அப்பினேன், அவர் மணிக்கட்டைக் கடித்தேன். உப்புக் கரித்தது. விட்டுவிட்டு எழுந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் ஒரு அடி வைத்தார். பாசி. அவ்வளவுதான். பெரிய மரம் சரிகிற மாதிரி மல்லாந்து போனார். கீழே எங்கேயோ முறிகிற சத்தம் கேட்டது, கிளை என்று நினைத்தேன்.

கிளை இல்லை. தொற்றிக்கொண்டு இறங்கிப் பார்த்தபோது, இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. இரண்டு மரத்துக்கு நடுவில் மாட்டிக் கிடந்தார். அதற்கும் கீழே வெறும் புகைமூட்டம்தான். மழை வலுத்தது. ரத்த வாடைக்கு அட்டைகள் சுருசுருவென்று இலைகளில் நிமிர்ந்து நின்றன. ஒன்று ஏற்கெனவே அவர் கண்ணிமையில் தொங்கியது. அதைப் பிடுங்கக்கூட அவருக்குக் கை எழவில்லை.

"விட்டுட்டுப் போயிடாதேடா" என்றார். குரல் குழந்தை மாதிரி இருந்தது.

எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை, சத்தியமாக வரவில்லை. வந்தது சந்தோஷம். அவருடைய பனியன் கிழிந்து மார்பில் பூணூல் தெரிந்தது. சேற்றிலும் அது பளிச்சென்று இருந்தது.

"அதைப் பிடிச்சுண்டு சத்தியம் பண்ணு. அக்காவை இனிமே தொடமாட்டேன்னு."

பிடித்துக்கொண்டார். கட்டை விரலில் நூலைச் சுற்றி, இந்தப் பூணூல் சாட்சியாக இனி அவளை அடிக்கமாட்டேன் என்றார். பல் கிட்டிக்கொண்டு வார்த்தை உடைந்தது, முழுதாகத் திரும்பச் சொல்லு என்றேன். சொன்னார். எங்கள் தெருவில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. கோர்ட்டில் பொய் சொல்வான், ஆபீஸில் பொய் சொல்வான், பூணூலைப் பிடித்துக்கொண்டு சொல்லமாட்டான். நான் அதை நம்பினேன். என் வேட்டியைக் கிழித்துக் காலைக் கட்டி, குடையையே அணைப்பாக வைத்து இறுக்கி, அவரை முதுகில் ஏற்றிக்கொண்டேன்.

அந்தக் கனத்தை இன்றைக்கும் என் இடுப்பு மறக்கவில்லை. நாலு காலில் தவழ்ந்து பாறைக்கு ஏறினேன். ஒவ்வொரு அசைவுக்கும் அவர் என் காதுக்குள் அலறினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் வந்து விழுந்தபோது, எஸ்டேட்டில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர்கள் இரண்டு பேர் மழைக்குத் தலையில் கவிழ்த்த சாக்குக் கொங்காணியோடு ஓடிவந்தார்கள். "எய்யா, ரெண்டு பேரையும் பன்னி குத்திட்டா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். அவர்களே ஜீப் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

ஊரெல்லாம் நான் வீரன். அத்திம்பேரைக் காட்டுப்பன்றி வாயிலிருந்து சுமந்து வந்தவன். அப்பா கண் கலங்கினார். ஆபீஸில் மாலை போட்டார்கள். அக்கா மட்டும் தன் வேலையைப் பார்த்தாள். படுக்கையில் கிடந்தவருக்கு வாரிப்போட்டாள், துடைத்தாள், ஊட்டினாள். அவர் சொன்ன சொல் காத்தார், அதையும் சொல்ல வேண்டும். குரலைக்கூட உயர்த்தவில்லை. மாவுக்கட்டு பிரித்து, அதே குடையை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்த பிறகும் கை நீளவில்லை. அக்கா ஒரு நாள் அரைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வாசலில் கோலம் போடுவதைப் பார்த்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது எனக்கு.

ஆவணி அவிட்டம் வந்தது. தெருவில் ஆண்கள் எல்லாரும் குளக்கரையில் கூடினோம். அத்திம்பேர் காலை நீட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். வாத்தியார் மந்திரம் சொல்லச் சொல்லப் புதுப் பூணூலைப் போட்டுக்கொண்டு, வருஷா வருஷம் செய்கிற மாதிரிப் பழையதைக் கழற்றித் தண்ணீரில் விட்டோம். அவர் தன்னுடையதை விடும்போது என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் வடையும் பாயசமும் சாப்பிட்டுவிட்டு நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு வீடு தள்ளி அக்காவின் சத்தம். ஓடினேன். பழகின ஓட்டம், நாலு எட்டில் போய்விட்டேன். கூடத்தில் பாயச உருளி கவிழ்ந்து கிடந்தது. அக்கா வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுவரோரம் சுருண்டிருந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் காதோரமாக ஒழுகியது. பாயசத்தில் இனிப்புப் போதவில்லையாம்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே சொன்னார், ரொம்பச் சாதாரணமாக.

"அது பழைய பூணூல்டா. கார்த்தாலதான் குளத்துல விட்டாச்சே, நீயும் பார்த்துண்டுதானே இருந்தே."

குடையைப் பிடுங்கினேன். முழங்காலில் வைத்து முறித்தேன். கம்பி நீட்டிக்கொண்டிருந்த பாதியை ஓங்கினேன், அவர் முகம் வெளுத்தது. அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். அவரைக் காப்பாற்ற வருகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இப்போ அடிச்சு என்னடா ஆகப்போறது" என்றாள். மூச்சு வாங்கியது. "அன்னிக்கு இவரை ஏண்டா தூக்கிண்டு வந்தே?"

ஓங்கிய பாதியைக் கீழே போட்டேன். அவள் நெற்றியில் புடவைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே போய் ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டாள். புதுப் பூணூலோடு தெரு முழுக்க நின்று பார்த்தது. எங்கள் வீட்டு நிலைப்படியை அடைத்துக்கொண்டு அப்பா நின்றார். நான் அவரைத் தோளால் இடித்துத் தள்ளினேன். அப்பா சுவரில் மோதிக்கொண்டார், அவர் முழங்கை சிராய்ந்தது. அக்கா உள்ளே போனாள். அதற்கப்புறம் யார் வந்து கூப்பிட்டும் திரும்பிப் போகவில்லை. அத்திம்பேர் வடக்கே எங்கேயோ மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

தையில் ஓட்டம் நடந்தது. எங்கள் ஆபீஸ் பியூன் ஒருவரோடு ஜோடி சேர்ந்து ஓடி, கடைசிக்கு முந்தினதாக வந்தேன். போணக்காட்டில் ஓடிவருகிறவர்களுக்கு மோர் கொடுக்க ஆள் வேண்டும் என்றதற்கு, நான் வரேன் என்று அக்கா கிளம்பி வந்திருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, அந்த இடத்தைக் காட்டு என்றாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தேயிலைக்கு நடுவே மேலே கூட்டிப்போனேன். பாறை காய்ந்து வெள்ளையாக இருந்தது. மழைக்காலத்துப் புகைமூட்டம் இல்லாததால் அன்றைக்குச் சரிவு அடிவரை தெரிந்தது.

விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தாள். நெற்றித் தழும்பின் மேல் விரல் போய் வந்தது.

"நல்ல ஆழம்தாண்டா" என்றாள்.

பிறகு, கடைசி பஸ் போய்விடும், வா என்று முன்னால் இறங்கினாள்.