ரெண்டு பான் கார்டு, ஒரு குடும்பம்

வருமான வரிக் கணக்கு போட்டுக் கொடுக்கும் எங்கள் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: வருகிறவர்கள் சொல்வதெல்லாம் குடும்பக் கதை, எழுதச் சொல்வது மட்டும் வருமானம்.

விருத்தாசலம் பாலக்கரைப் பக்கம், மருந்துக்கடைக்கு மேலே மாடியில் என் ஆபீஸ். நான் ஆடிட்டர் பரீட்சை எழுதியவள் இல்லை. பி.காம். முடித்து, ஓர் ஆடிட்டரிடம் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தனியாக வந்தவள். ஊர் அதையெல்லாம் பார்க்காமல் எனக்கு 'ஆடிட்டரம்மா' என்று பட்டம் கொடுத்துவிட்டது. ஜூலை மாதம் வந்தால் என் மாடிப்படியில் செருப்பு வைக்க இடம் இருக்காது. சம்பளம் கைக்கு வரும் முன்னாலேயே வரி பிடித்தம் ஆகி, மிச்சத்தை எண்ணிப் பார்த்துப் பெருமூச்சு விடும் நீங்களும் எங்கள் கூட்டம்தான். ஆகையால் தயங்காமல் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கல்யாணச் சலுகை

செந்தில் நெய்வேலியில் என்ஜினியர். கல்யாணமான கையோடு புது மனைவி நித்யாவையும், பத்திரமாக உறையில் போட்ட திருமணப் பதிவுச் சான்றிதழையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஜெர்மனியில் இருக்கும் அவருடைய நண்பர், கல்யாணம் ஆனவுடன் தனக்கு வரி குறைந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். நம் ஊரிலும் அப்படி ஏதாவது இருக்கும், சான்றிதழைக் காட்டினால் போதும் என்று செந்தில் நம்பிக்கொண்டிருந்தார்.

நம் சட்டத்தில் கல்யாணத்துக்கென்று சலுகை கிடையாது என்றேன். கணவன் மனைவி சேர்ந்து ஒரே கணக்காகக் கொடுக்கும் வழியும் இல்லை. கொண்டுவரலாம் என்று அவ்வப்போது பேச்சு அடிபடும், பிறகு அடங்கிவிடும். செந்தில் சான்றிதழை மறுபடி உறைக்குள் வைத்தார். நித்யா திட்டக்குடியில் நர்ஸாக வேலை பார்க்கிறவர். "அப்ப என் சம்பளம்?" என்று கேட்டார். அது உங்கள் கணக்கு, உங்கள் பான் கார்டு, உங்கள் வரம்பு, அதை அவருடையதோடு கூட்ட மாட்டார்கள் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"கல்யாணம் ஆனதுலேருந்து எல்லாரும் என்னை செந்தில் பொண்டாட்டின்னுதான் கூப்புடுறாங்க மேடம். வரி ஆபீஸுலயாவது நான் நித்யாவா இருக்கறேனே, அது போதும்."

வட்டிக்கு வட்டி

தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் செய்யும் யூனிட் வைத்திருக்கும் ஒரு முதலாளி. வரியைக் குறைக்க அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. என்னைக் கேட்காமல், தன் பணத்தில் பெரும் பகுதியை மனைவி ராஜேஸ்வரி பேரில் டெபாசிட் போட்டுவிட்டார். போட்டுவிட்டு, "வட்டி அவங்க பேர்லதான வருது, அவங்களுக்கு வேற வருமானம் இல்ல, அப்ப வரியும் இல்ல" என்று எனக்கே பாடம் சொன்னார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த யோசனை சட்டம் எழுதியவர்களுக்கும் முன்பே தோன்றியிருக்கிறது என்று விளக்கினேன். கணவன் மனைவிக்கு இனாமாகக் கொடுத்த பணத்தில் வரும் வட்டி, கணவன் கணக்கில்தான் சேரும். "எத்தினி நாளைக்கு?" என்றார். "நீங்க கணவன் மனைவியா இருக்கற வரைக்கும்" என்றேன். கையிலிருந்த டெபாசிட் ரசீதை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். அவரைச் சமாதானப்படுத்த எண்ணி ஒரு சின்ன விஷயம் சொன்னேன்: அந்த வட்டியை ராஜேஸ்வரி அம்மா எடுத்து மறுபடி டெபாசிட் போட்டால், அதில் வருகிற வட்டிக்கு வட்டி கணவர் கணக்கில் சேராது. அது அம்மாவுடைய சொந்த வருமானம். ராஜேஸ்வரி காலண்டரிலிருந்து கண்ணை எடுத்து, முதல் முறையாக என்னைப் பார்த்தார்.

"அந்த வட்டிக்கு வட்டியை மட்டும் தனி அக்கவுண்ட்டுல போடுறதுக்கு வழி சொல்லுங்கம்மா. அதுல நான் என்ன வாங்கினேன்னு இவரு கேக்கக் கூடாது."

பிரியாத குடும்பம்

நல்லூர் பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பா விட்டுப்போன கடைக் கட்டடம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது. அந்த வாடகைக்கு இந்துக் கூட்டுக் குடும்பம் என்ற பேரில் தனி பான் கார்டு. அதாவது, குடும்பத்தையே ஒரு ஆளாக வைத்துச் சட்டம் வரி கேட்கிறது. கையெழுத்து போடும் குடும்பத் தலைவர், அண்ணன். இருவரும் பேசிக்கொள்வது நின்று பல வருஷம் ஆகிறது. கொல்லைக்குப் போகும் வழியில் யாரோ வேலி போட்டதில் ஆரம்பித்ததாம். என் ஆபீஸுக்கு வந்தால் அண்ணன் உள்ளே நாற்காலியில் உட்காருவார், தம்பி மாடிப்படியில். நான்தான் நடுவில் போய்ப் போய் வருவேன்.

"நாங்க பிரிஞ்சிட்டோம்னு எழுதிடுங்க மேடம்" என்று தம்பி ஒவ்வொரு வருஷமும் சொல்வார். வாய்வார்த்தையாகப் பிரிந்தால் வரிச் சட்டம் ஒத்துக்கொள்ளாது, சொத்தை முழுக்கப் பாகம் பிரிக்க வேண்டும் என்பேன். அந்தக் கடையை விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்குமே மனசு வராது. ஆக, பேச்சு இல்லாத இரண்டு பேரும் கணக்கில் ஒரே குடும்பமாக நீடித்தார்கள்.

போன வருஷம் தம்பி பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பணத்துக்கு அலைந்தார். குடும்பக் கணக்கில் சேர்ந்திருந்த வாடகைப் பணத்தை வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு எடுக்கலாம், ஆனால் செக்கில் உங்கள் அண்ணன் கையெழுத்து வேண்டும் என்றேன். "அதுக்கு நான் கடன் வாங்கிக்கறேன்" என்று படி இறங்கிப் போய்விட்டார். மனசு கேட்காமல் நானே அண்ணனுக்கு போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டார். மறுநாள் காலையில் செக் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். தம்பியின் பங்கு எவ்வளவு வரும் என்று நான் சொல்ல ஆரம்பித்ததைக் கையைக் காட்டி நிறுத்தினார். கணக்கில் இருந்த அத்தனையையும் எழுதினார். கையெழுத்தும் போட்டார். செக்கைக் கிழித்து என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"நான் அவனுக்குக் குடுக்கலை. குடும்பம் குடுக்குது. நீங்களும் அப்புடித்தான எழுதுவீங்க?"

மாமியார்

அந்தோணி சார் பள்ளிக்கூட வாத்தியார். புது வரி முறைக்கு மாறாமல் பழைய முறையிலேயே கணக்கு கொடுக்கிறவர். அந்த முறையில் மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டும் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஒருநாள் பாண்டிச்சேரியில் மாமியாருக்குக் கண் பரிசோதனை முடித்துவிட்டு, அவரையும் கைப்பிடித்து மாடியேற்றி அழைத்து வந்தார். மாமியார் பேரில் எடுத்த காப்பீட்டு ரசீதை மேஜை மேல் வைத்தார்.

சங்கடத்தோடு சொன்னேன்: மனைவி, பிள்ளைகள், பெற்ற தாய் தகப்பன், இவர்களுக்குக் கட்டினால்தான் கழிவு உண்டு. மாமனார் மாமியார் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மனைவிக்கு வருமானம் இருந்து அவர் கட்டினால் அவருக்குக் கழிவு கிடைக்கும். ஆனால் சார் வீட்டில் மனைவிக்குத் தனி வருமானம் இல்லை. "எங்கம்மா நான் காலேஜ் படிக்கறப்பவே போயிட்டாங்க. பத்து வருஷமா என்கூட இருக்கறது இவங்கதான்" என்றார் மெதுவாக. ரசீதை அவர் பக்கமே திருப்பி வைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, "என்னா மாப்ள சொல்றாங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல அத்தை, ரசீதுல உங்க பேரு எழுத்து தப்பா இருக்குதாம், மாத்தணுமாம்" என்றார் சார். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"கழிவு போனாப் போவுது மேடம். இதை அவங்க காதுல போட்டுடாதீங்க. தன்னால எனக்கு நஷ்டம்னு தெரிஞ்சா, நாளைக்கே வேப்பூர் பஸ் ஏறி பூட்டிக் கெடக்கற வூட்டைத் தொறந்து உக்காந்துக்குவாங்க."

என்ன தகுதி?

குணசேகரன் களிமண் விளக்கும் பீங்கான் பொம்மையும் செய்யும் யூனிட்டை மனைவி பத்மா பேரில்தான் ஆரம்பித்தார். பெண்கள் பேரில் கடனுக்கு வட்டி குறைவு என்று யாரோ சொன்னதுதான் காரணம். ஆரம்பத்தில் பத்மா கையெழுத்து போட மட்டும் வருவார். ஒருநாள் பேங்க்காரர்கள், ஓனரிடம்தான் பேசுவோம் என்றதால் வந்து உட்கார்ந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தது அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. மறுநாள் முதல் யூனிட்டுக்குப் போக ஆரம்பித்தார். இப்போது கொள்முதல், ஆர்டர், ஆட்களுக்குக் கூலி எல்லாம் அவர்தான். குணசேகரன் சூளையைப் பார்த்துக்கொள்கிறார். மாதம் பிறந்தால் மனைவியிடம் சம்பளம் வாங்குகிறார்.

அந்தச் சம்பளத்துக்கு விளக்கம் கேட்டு வரி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. மனைவியின் தொழிலில் கணவன் சம்பளம் வாங்கினால், அந்த வேலைக்கான தொழில் அறிவு அவருக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பணம் மனைவியின் வருமானத்தோடு சேர்ந்துவிடும். குணசேகரன் செராமிக் படிப்பைப் பாதியில் விட்டவர், காட்டுவதற்குச் சான்றிதழ் இல்லை. அனுபவத்தைச் சொல்லலாம், ஆனால் அதை ஓனர் எழுதித் தர வேண்டும் என்றேன். குணசேகரன் மனைவியைப் பார்த்தார். பத்மா நகத்தைப் பார்த்தார்.

பிறகு பத்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்த மண்ணில் எவ்வளவு ஈரம் என்று கணவர் கையில் பிடித்தே சொல்லிவிடுவார். சூளையைத் திறக்கும் நேரத்தை அவர் தப்பாகச் சொன்னதே இல்லை. அவர் காய்ச்சலில் படுத்த வாரம் பாதிச் சரக்கு வெடித்துப்போனது. பத்மா தடையில்லாமல் சொல்லிக்கொண்டே போக, குணசேகரன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். அந்த விளக்கம் பிற்பாடு ஏற்கப்பட்டது. அன்றைக்கு அவர் வண்டியை எடுக்கக் கீழே இறங்கியதும் பத்மா திரும்பி வந்தார்.

"அந்த லெட்டரு காப்பி இவரு கைக்குப் போவாம பாத்துக்குங்க மேடம். அதைக் காட்டியே சம்பளம் ஏத்திக் கேப்பாரு."

எங்க வூட்டுக் கணக்கு

என் கணவர் ரயில்வேயில் இருக்கிறார், ஜங்ஷனில்தான் வேலை. அவருக்கும் நான்தான் ஆடிட்டரம்மா. இந்த வருஷம் அவருக்குப் புது வரி முறைதான் லாபம் என்று மாற்றிவிட்டேன். அதில் இன்சூரன்ஸுக்குக் கழிவு கிடையாது. என் பேரில் அவர் வருஷா வருஷம் ஒரு பாலிசி கட்டி வருகிறார். கழிவு இல்லை என்று தெரிந்ததும் மனைவி பாலிசியை நிறுத்திவிடும் ஆண்களை இந்த மேஜையில் நிறையப் பார்த்தவள் நான். அதனால் வாயைத் திறக்காமல், தவணை நாள் வரட்டும் என்று காத்திருந்தேன்.

அன்று டியூட்டி முடிந்து வந்தவர், ரசீதை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு டீ கேட்டார். "இதுக்கு இனிமே ஒரு பைசா கழிவு கெடைக்காது, தெரியுமில்ல?" என்றேன். டீயை ஆற்றிக்கொண்டே பதில் வந்தது.

"கழிவுக்காகக் கட்டுறேன்னு நான் எப்ப சொன்னேன்? ஆபீஸுல பாக்கற ஆளுங்க கணக்கையெல்லாம் வூட்டுக்குள்ள எடுத்தாராத."

கணவனையும் மனைவியையும் வருமான வரிச் சட்டம் தனித்தனி ஆளாகவே பார்க்கட்டும், என் மாடிப்படி இறங்கினதும் அவர்கள் ஏறிப் போவது ஒரே ஸ்கூட்டரில்தான், அதுவும் அது யார் பேரில் வாங்கினது என்று தர்க்கம் செய்துகொண்டே.