கழுவேலித் திட்டில் மூன்று மணி நேரத் தூக்கம்

மரக்காணத்துக் கழுவேலி உப்பங்கழிக்குப் பறவை பார்க்கப் போவது எப்படி என்று போன வாரம் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நான் போனது ஒரே ஒரு முறை. அதுவும் எண்பதுகளின் நடுவில், ஒரு தை மாதக் கடைசி ஞாயிறு. பேருந்துக் கட்டணம் இப்போது உங்களுக்கு உதவாது. தூரமும் தண்ணீரும் மாறியிருக்காது என்று நம்பி எழுதுகிறேன்.

அப்போது எங்கள் வீடு விழுப்புரத்தில். நான் திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலையில் இருந்தேன். கஸ்தூரி, என் மனைவி, விழுப்புரத்திலேயே ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை வேலை. நான் ஏழே முக்காலுக்குக் கிளம்பினால்தான் பஸ் கிடைக்கும். அவள் வீட்டுக்கு வரும்போது நான் விக்கிரவாண்டியைத் தாண்டியிருப்பேன். மாலையில் நான் வருவதும் அவள் கிளம்புவதும் ஒரே நேரம். கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் கடைசி ஒரு வருஷம் நாங்கள் பேசிக்கொண்டதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

அவளுக்குப் பகலில் தூக்கமும் கிடையாது. வீட்டுச் சுவரை ஒட்டி மாவு மில். ஒன்பது மணிக்கு ஓட ஆரம்பித்தால் கட்டிலே அதிரும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பாள். மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி ஏழெட்டு மாதம் ஆகிறது என்று அந்தப் பொங்கலன்று சொன்னாள். புகாராகச் சொல்லவில்லை. சட்னியில் உப்புக் குறைவு என்பதுபோலச் சொன்னாள்.

அச்சகத்தில் என்னோடு வேலை செய்த சம்பத்துக்கு மரக்காணம் பக்கத்துக் குப்பம். தை மாசியில் கழுவேலித் திட்டுக்குப் பூநாரை கூட்டமாக வரும், தன் மாமா ஏழுமலை தோணியில் அழைத்துப் போவார் என்று அவன் சொன்னான். நான் வீட்டில் வந்து சொன்னதும், கஸ்தூரி அதிசயமாக, “போலாங்க” என்றாள். வெளியே எங்கும் போகாத அலுப்பு அவளுக்கும் இருந்திருக்க வேண்டும். பகல் டியூட்டி பார்க்கும் ஸ்டெல்லாவிடம் பேசினாள். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பதில் ஆறு மணிக்கே வந்து கஸ்தூரியை விடுவிப்பதாக ஸ்டெல்லா ஒப்புக்கொண்டார். இரவு எட்டுக்குள் கஸ்தூரி திரும்பி வந்து அவரை அனுப்ப வேண்டும். ஸ்டெல்லாவுக்கு வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவார்.

ஆறரைக்குப் பஸ். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு மூன்று ரூபாய் எண்பது காசு, ஒரு மணி ஐந்து நிமிடம். கஸ்தூரி ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தலை இடித்தது. தோளில் சாய்ந்துகொள் என்றேன். “தூங்கிடுவேங்க. அப்புறம் எறங்கி மாற முடியாது” என்றாள்.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் டீயும், வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலமும். எட்டு பத்துக்கு மரக்காணம் பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு எழுபது நிமிடம் எடுத்துக்கொண்டான் டிரைவர். (இந்தப் பக்கம் வருகிறவர்கள் கடைசி இருக்கையில் உட்கார வேண்டாம். என் முதுகு அதை இன்னும் மறக்கவில்லை.) இறங்கி, வடக்கே உப்பளங்கள் வழியாகக் குப்பத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடை. வெள்ளை வெயில். கண் கூசியது. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். திரும்பிவிடலாமா என்று நான் இரண்டு முறை கேட்க நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதே தூரம் திரும்பவும் சலிப்பாக இருந்தது.

ஏழுமலைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வலது காலில் அழுக்குத் துணி சுற்றி, நொண்டிக்கொண்டு வந்தார். தோணிக்கு இருபத்தைந்து ரூபாய் என்று சம்பத் முன்பே பேசி வைத்திருந்தான். பத்தரைக்குக் கிளம்பினோம். துடுப்பு இல்லை. நீளமான கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளுவார். கழுவேலியில் தண்ணீர் அவ்வளவுதான் இருக்கும், இடுப்பளவு, சில இடத்தில் முழங்காலளவு. கடல் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்.

பாதி வழியில்தான் கஸ்தூரி நர்ஸ் என்பது அவருக்குத் தெரிந்தது. கழியை நிறுத்திவிட்டார்.

“நர்சம்மா, இத்த கொஞ்சம் பாக்குறியா? திருக்கை முள்ளு ஏறிச்சி. பத்து நாளாவுது. ஒரே பேஜாரா கீது.”

துணியை அவிழ்த்ததும் நாற்றம் எனக்கே எட்டியது. கஸ்தூரி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு தோணியின் நடுப்பலகையில் அவர் காலை எடுத்து வைத்தாள். நாங்கள் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் பாதி அந்தக் காலுக்குப் போனது. தன் கைக்குட்டையால் கட்டினாள்.

“உள்ள முள்ளு ஒடஞ்சி இருக்குது. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இன்னும் ரெண்டு நாள் உட்டீங்கன்னா கால எடுக்கச் சொல்லுவாங்க.”

“நாளைக்கு வலைக்குப் போவணுமே.”

“காலு இல்லாம எப்பிடிப் போவீங்க?”

மீதி வழி முழுக்க ஏழுமலை அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டு தள்ளினார்.

பதினொன்றேகாலுக்குத் திட்டு வந்தது. நீளம் கால் மைல் இருக்கலாம். மணல், தாழம்புதர், நாலைந்து பனை. கிழக்கே மணல்மேட்டுக்கு அப்பால் கடல் இரையும் சத்தம். சேற்று விளிம்பில் விரலளவு மீன்கள் துடுப்பையே காலாக்கித் தாவி ஓடின. கூழைக்கடாக்கள் ஒரு முப்பது, தூரத்தில் மூட்டைகள்போல உட்கார்ந்திருந்தன. பூநாரை ஒன்றுகூட இல்லை.

“தண்ணி வத்தனாதான் மேய வரும் சார்” என்றார் ஏழுமலை.

புளிச்சோறு சாப்பிட்டோம். அவர் தூக்கில் கொண்டுவந்த கேப்பைக் கூழைக் குடித்தார். பனை நிழலில் விரித்த போர்வையில் கஸ்தூரி ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். “அஞ்சே நிமிஷம்” என்றாள். மணி பன்னிரண்டே முக்கால். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

ஆறு வருஷத்தில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. புருவத்துக்கு நடுவில் எப்போதும் இருக்கும் மடிப்பு போயிருந்தது. ஒரு நண்டு போர்வை ஓரம்வரை வந்து திரும்பியது. மில் இல்லை, மணி அடிக்கும் நோயாளி இல்லை.

ஒன்றேகாலுக்கு ஏழுமலை வந்து, காலை மடக்க முடியாமல் நீட்டியபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சார், தண்ணி எறங்கிக்கினு கீது. ஒண்ணரைக்குள்ள கெளம்பனாதான் தோணி போவும். ஜல்தியா எழுப்புங்க.”

“இல்லைன்னா?”

“இல்லன்னா தரை தட்டிக்கும். மறுபடி தண்ணி ஏற ஏழு மணியாவும்.”

இதை நான் மழுப்பாமல் சொல்ல வேண்டும். எனக்கு எல்லாம் தெரிந்தது. ஏழு மணி என்றால் விழுப்புரம் போய்ச்சேரப் பதினொன்று ஆகும். எட்டு மணிக்கு ஸ்டெல்லாவை அனுப்ப ஆள் இருக்காது. காலை ஆறிலிருந்து நின்றுகொண்டிருக்கும் பெண் அவர். தகவல் சொல்லக் குப்பத்தில் போன் கிடையாது. அதெல்லாம் தெரிந்துதான் கஸ்தூரியின் தோளைத் தொடப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

“இருக்கட்டும்” என்றேன்.

ஏழுமலை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “நர்சம்மாவுக்கு நைட்டு வேலன்னு சொன்னியே சார்?”

“பரவாயில்ல. தூங்கட்டும்.”

அவர் தோணிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணிக்கு அதைச் சுற்றித் தண்ணீர் இல்லை.

இரண்டரைக்கு ஒரு நரி வந்தது. தாழம்புதரிலிருந்து வெளிப்பட்டு, மோப்பம் பிடித்துக்கொண்டு நேரே எங்கள் சாப்பாட்டுத் தூக்கை நோக்கி நடந்தது. கஸ்தூரியின் பாதத்துக்கும் அதற்கும் ஆறடி இருக்கும். கத்தினால் அவள் எழுந்துவிடுவாள். நான் எழுந்து நின்று துண்டைச் சத்தமில்லாமல் ஆட்டினேன். அது என்னை ஒரு நிமிடம் சலிப்பாகப் பார்த்துவிட்டு, வந்த வழியே போனது. நான் தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று மணி சுமாருக்குப் பூநாரைகள் வந்தன. முதலில் பத்து, பிறகு ஐம்பது, பிறகு எண்ண முடியவில்லை. இறக்கையை விரித்து இறங்கும்போது உள்ளே ஒரு சிவப்பு தெரியும், மடித்ததும் மறைந்துவிடும். எங்களிடமிருந்து நூறு கஜத்தில், அந்த வளைந்த அலகைத் தலைகீழாகச் சேற்றுத் தண்ணீரில் வைத்து அலசிக்கொண்டே நடந்தன. அத்தனை அழகான பறவைக்குக் குரல் வாத்துக் குரல். இதைப் பார்க்கத்தானே வந்தோம், இப்போதாவது எழுப்பலாம் என்று தோன்றியது. எழுப்பினால் மணி கேட்பாள். எழுப்பவில்லை. நான் தனியாகப் பார்த்தேன். ரசித்தேன் என்று சொல்ல முடியாது.

மூன்றே முக்காலுக்கு அவளாகவே கண் விழித்தாள். எழுந்து உட்கார்ந்து, எதிரே தெரிந்ததை நம்பாதவளாகப் பார்த்தாள். “ஐய்யோ, எவ்ளோங்க” என்றாள். அப்படிச் சிரித்த முகத்தை நான் மறந்தே போயிருந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு என் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். அதன்பின் தோணியைப் பார்த்தாள். தண்ணீர் அதற்கு முப்பது கஜம் தள்ளி இருந்தது.

“தண்ணி திடீர்னு வத்திடுச்சாம்” என்றேன்.

ஏழுமலை தன் கால்கட்டைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள். நாலாவது அடியில் தொடைவரை உள்ளே போனது. பூநாரைகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. ஏழுமலை அந்தப் புண் காலோடு இறங்கி, கழியை நீட்டி இழுத்து அவளைக் கரை சேர்த்தார். காலில் அவள் கட்டிய கைக்குட்டை சேற்றோடு போயிற்று. அதைப் பார்த்ததும் அவள் அழுதாள்.

“ஸ்டெல்லா காலையிலேர்ந்து நின்னுக்கினு இருக்காங்க. அவங்க கொழந்த வேற...”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “திடீர்னு வத்தல. ஒண்ணேகாலுக்கே எழுப்பச் சொன்னாரு. நான்தான் எழுப்பல” என்றேன்.

“ஏன்?”

“நீ தூங்கன. அதான்.”

“எனக்காக எழுப்பலியா? நான் எழுந்தா மறுபடியும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவேன்னு எழுப்பலியா?”

இன்றும் எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம்.

மீதி மூன்று மணி நேரம், ஏழுமலையின் புண்ணை மறுபடி கழுவி, என் துண்டைக் கிழித்துக் கட்டிய நேரம் தவிர, அவள் கடல் பக்கம் போய் உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்குத் தோணி மிதந்தது. எட்டரைக்குக் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து, பதினொன்று அடிக்க விழுப்புரம். சேறு காய்ந்த புடவையோடு நேரே மருத்துவமனைக்குப் போனாள்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. காலையில் வந்தவள், ஸ்டெல்லா ஒரு வார்த்தை கேட்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றாள். “திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.” ஒன்பது மணிக்கு மில் ஓட ஆரம்பித்தது. அவள் பஞ்சைத் தேடினாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பினேன். ஒரு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம் அது. எனக்கும் அலுப்பு என்று தள்ளிப்போட்டதுதான் காரணம், வேறொன்றுமில்லை. பதினேழு நாளில் கீழ்ப்பெரும்பாக்கம் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. சின்ன வீடு, சத்தமில்லாத தெரு. ஸ்டெல்லாவின் அடுத்த இரண்டு ஞாயிறு டியூட்டிகளைக் கஸ்தூரி பார்த்தாள். ஏழுமலை மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாராம். கால் பிழைத்தது, ஒரு விரல் போயிற்று.

அடுத்த தையில் கஸ்தூரியும் ஸ்டெல்லாவும் லீவு போட்டு அந்தக் குழந்தையோடு அதே திட்டுக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும், “ஸ்டெல்லா தூங்கிட்டாங்க. தண்ணி எறங்குதுன்னதும் எழுப்பிட்டேன். ஏன் எழுப்பனேன்னு எனக்கு ஒரே திட்டு” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

போகிறவர்களுக்கு: தை, மாசிதான் சரியான மாதம். குடிதண்ணீர் இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள், நிழல் குறைவு. சாப்பாட்டுத் தூக்கை மூடி வையுங்கள். பூநாரைகள் தண்ணீர் வற்றும்போதுதான் வரும், அப்போது தோணி நகராது. அதனால் முழுநாளும் இருப்பதா, பாதியில் திரும்புவதா என்பதைக் கரையிலேயே முடிவு செய்யுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு இறங்கும் என்று தோணிக்காரரிடம் கேட்டு, அதைக் கூட வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். யாராவது தூங்கிப்போனால் ஒருமுறை எழுப்பிக் கேளுங்கள். கேட்டபிறகு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டால், போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுப் பறவையைப் பாருங்கள்.