கொஞ்சம் பாத்துக்கிறீங்களா அம்மிணி

ஃப்ரீமான்ட்டில் மௌரி அவென்யூ மேல் இருந்த அந்தக் காபிக் கடைக்கு பர்வின் 2006 மார்ச்சில்தான் போக ஆரம்பித்தாள். அவள் குடியிருந்த அபார்ட்மென்டில் மேல்வீட்டுக்காரர்கள் தரையைப் பெயர்த்துவிட்டுப் பலகை போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் தொடங்கும் சுத்தியல் சத்தம் மாலை வரை ஓயாது. பர்வினுக்கோ மென்பொருள் கம்பெனிகளுக்குக் கையேடு எழுதும் வேலை. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு வரியும் பிசகில்லாமல் இருக்க வேண்டும். கணவர் ஷம்சுதீன் ஏழரை மணிக்கே குபெர்டினோவுக்கு ஆபீஸ் கிளம்பிவிடுவார். மகனைப் பள்ளியில் இறக்கிவிட்டு, லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கடைக்கு வந்துவிடுவாள். பலகை வேலை மூன்று வாரத்தில் முடிந்தது. கடைக்கு வருவது மட்டும் நிற்கவில்லை.

நாற்பத்து மூன்று வயதில், சென்னையில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, இப்படி ஒரு பொது இடத்தில் தனியாக நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அந்தக் கூச்சத்தை அவள் ஒழுங்கால் ஈடுகட்டினாள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் ஏதாவது வாங்குவாள். நான்கு பேர் உட்காரும் மேசையை ஒருநாளும் பிடித்ததில்லை. செல்போன் அடித்தால் வெளியே போய்த்தான் பேசுவாள். அடுத்தவர் திரையின் பக்கம் கண்ணைத் திருப்பவே மாட்டாள்; காபி எடுக்கப் போகும் வழியில் ஏதாவது திரை எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு கடப்பாள். யாராவது பாத்ரூமுக்குப் போகும்போது தங்கள் பொருளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், தன் வேலையை நிறுத்திவிட்டு நிஜமாகவே பார்த்துக்கொண்டிருப்பாள். கடைக்காரி லின், புதிதாக வருகிறவர்களிடம், பொருளை விட்டுவிட்டுப் போவதானால் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள் என்று பர்வினைக் கை காட்டுவாள்.

எதிர் மேசையில் தினமும் ஒரு பெரியவர் உட்காருவார். அறுபது, அறுபத்திரண்டு இருக்கும். தேய்த்த அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு பேனா. பத்து மணிக்கு வந்தால் ஒரு மணி வரை இருப்பார். ஆரம்பத்தில் இருவருக்கும் இடையே ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம்தான் போய்வந்தது: பார்த்துக்கொள்ள முடியுமா, ஓ தாராளமாக. ஒருநாள் பர்வின் வாசலில் நின்று அம்மாவோடு போனில் பேசிவிட்டு உள்ளே வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. அன்றிலிருந்து தமிழ். கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்.

"கொஞ்சம் பாத்துக்கிறீங்களா அம்மிணி?"

"போய்ட்டு வாங்க சார், நான் இங்கதான் இருக்கேன்."

இதற்கு மேல் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. காபிக் கடையில் பெயர் கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் இருவர் வேலையும் கெடும் என்பது பர்வினின் கணக்கு. அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் போலிருக்கிறது. இப்படியே ஏழு மாதம் ஓடியது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. பதினொன்றே கால் இருக்கும். பெரியவர் எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தவர், நிறுத்திவிட்டு இடது தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டார். திரையை அருகில் இழுத்தார், தள்ளி வைத்தார். பிறகு எழுந்தார்.

"கண்ணாடியக் கார்லயே உட்டுட்டு வந்துட்டனுங்க. எழுத்தே தெரீல. அஞ்சு நிமிசம், கொஞ்சம் பாத்துக்கிறீங்களா அம்மிணி?"

அவள் வழக்கமான பதிலைச் சொன்னாள். அவர் பின்வாசல் வழியாகப் போனார். கார்கள் நிற்பது கட்டடத்துக்குப் பின்னால். அவள் இடத்திலிருந்து அது தெரியாது.

ஐந்து நிமிடம் இருபது நிமிடமாயிற்று. ஆம்புலன்ஸ் ஒன்று ஊளையிட்டபடி வந்து எங்கோ பக்கத்தில் நின்றது. அந்தத் தெருவில் ஆஸ்பத்திரி இருந்ததால் ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு யாரும் தலை தூக்குவதில்லை. பர்வின் தூக்கினாள். எழுந்து போய்ப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் இரண்டு மேசையில் இரண்டு லேப்டாப்பை அநாதையாக விட்டுவிட்டு எப்படிப் போவது? பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியாயிற்று. உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பெரியவரின் திரை இருண்டுபோனது. அது இருண்டதும், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண், அந்த மேசை காலியா என்று கேட்டாள். இல்லை, ஆள் இருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று பர்வின் சொன்னாள். சொல்லிவிட்டு யோசித்தாள். வெளிச்சமாக இருக்கிற திரைக்கு ஆள் உண்டு. இருண்டு கிடந்தால் விட்டுவிட்டுப் போனதாகத்தான் எவரும் நினைப்பார்கள். எட்டிக் கையை நீட்டி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஓரத்திலிருந்த ஏதோ ஒரு கீயை லேசாகத் தொட்டாள். திரைக்கு உயிர் வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

அரைமணி நேரத்துக்கெல்லாம் மறுபடி இருண்டது. மறுபடி தொட்டாள். மூன்று தடவை அப்படி ஆனது. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வந்து போனது. அவருடைய கோப்பையில் பாதிக் காபி ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. நாற்காலி முதுகில் போட்டிருந்த ஸ்வெட்டரின் ஒரு கை மட்டும், யாரோ கதவைத் திறக்கும் போதெல்லாம், காற்றில் ஆடியது. பர்வினுக்கு வேலை ஓடவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி பத்து நிமிடத்துக்கு நான்காவது தடவை கையை நீட்டினாள். இந்தத் தடவை விரல் பட்டது ஒரு பெரிய கீயில். லேப்டாப்பிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் எழும்பியது.

அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு டிங். உடனே இன்னொன்று. விடாமல் அடுத்தடுத்து. பக்கத்து மேசைக்காரன் முகம் சுளித்துத் திரும்பிப் பார்த்தான். சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் திரையைப் பார்த்தே ஆக வேண்டும். ஏழு மாதத்தில் முதல் தடவையாக பர்வின் அந்தத் திரையைப் பார்த்தாள்.

ஒரு சாட் விண்டோ திறந்திருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். காலையில் வந்த கேள்வி மேலே இருந்தது: தோள் வலி எப்படி இருக்கு, டாக்டரிடம் போறீங்களா இல்லையா. அதற்குக் கீழே பெரியவர் பெயரில் ஒரே ஒரு பதில். 'ஒண்ணுமில்ல கண்ணு. இப்ப வலியே இல்ல. நான் நல்லா இருக்கேன், நீ பயப்படாத.' பக்கத்தில் நேரம்: 1:10.

அதற்கும் கீழே, எதிர்முனையிலிருந்து, வரிசையாக.

அப்பா?

அப்பா?

யார் இது

அப்பா ப்ளீஸ்

பர்வின் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அப்பா வந்து விழுந்தது. அவளுக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. ஆனால் இந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் சாதாரணமாகக் கேட்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. பதில் அடிக்கலாமா என்று விரலைக் கொண்டுபோனாள். என்னவென்று அடிப்பது? உங்கள் அப்பா கண்ணாடி எடுக்கப் போயிருக்கிறார் என்றா?

அப்போதுதான் ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்தார். லின்னிடம் ஒரு சின்ன அட்டையைக் காட்டினார். பத்தாவது காபி இலவசம் என்று முத்திரை குத்திக் கொடுக்கும் அந்தக் கடையின் அட்டை; பெரியவரின் சட்டைப்பையில் கிடைத்தது. லின் பர்வின் இருந்த பக்கம் விரலை நீட்டினாள்.

பின்பக்கம், கார் கதவு திறந்த நிலையில் விழுந்து கிடந்தாராம். கடைக்கு வந்த யாரோ பார்த்துப் போன் பண்ணியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது உயிர் போய்விட்டது. டெக்ஸாஸில் இருக்கும் மகளுக்குப் பன்னிரண்டரைக்கே சொல்லிவிட்டார்கள். அவருடைய பொருள் ஏதாவது இங்கே இருக்கிறதா என்று கேட்டார் போலீஸ்காரர். பெயரை அவர் இரண்டு தடவை தடுமாறித்தான் உச்சரித்தார். சேனாபதி. பர்வின் அந்தப் பெயரை அப்போதுதான் கேட்கிறாள்.

இறப்புச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னா லில்லாஹியை வாய் முணுமுணுத்தது. மனம் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பதினொன்று ஐம்பத்தெட்டு. ஒன்று பத்து.

லேப்டாப் இன்னும் டிங், டிங் என்றுகொண்டிருந்தது. போலீஸ்காரர் ப்ளக்கைப் பிடுங்கி மூடியை மூடினார். சத்தம் அறுந்தது.

அன்று வீட்டுக்கு வந்து ஷம்சுதீனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பெரியவர் எழுதிவிட்டு அனுப்பாமல் எழுந்து போயிருப்பார், உன் விரல் என்டர் கீயில் பட்டிருக்கும், அவ்வளவுதான் என்றார். அது பர்வினுக்கும் தெரியும். தினமும் அதைத்தானே எழுதுகிறாள். ஆனால் அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அது தெரியாதே.

ஒன்பது நாள் கழித்து அந்த மகள் வந்தாள். பிரீத்தி என்று பெயர் சொன்னாள். முப்பது வயது இருக்கும். டெக்ஸாஸில் ஆலன் என்ற ஊரில் வேலை. லின் பர்வினைக் கை காட்ட, நேராக வந்து, அப்பா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவோடு கடைசியாகப் பேசியது நீங்கள்தான் என்று சொன்னார்கள் என்றாள். கண்ணாடி எடுக்க ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு அவர் போனதைப் பர்வின் சொன்னாள். தோளைப் பிடித்துக்கொண்டதை விட்டுவிட்டாள்.

பிரீத்தி தன் பங்குக்குச் சொன்னதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபின் ஆபீஸில், அப்பாவோடு சாட் பண்ணிய அதே கம்ப்யூட்டரில்தான் ஃப்ளைட் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தாளாம். ஓரத்தில் சாட்டில் அப்பாவின் பெயர்; அந்தப் பக்கம் யாராவது கீயைத் தொட்டால் பச்சை, தொடாவிட்டால் மஞ்சள். மஞ்சளாக இருந்தது பச்சையாக மாறியது. மறுபடி மஞ்சள், மறுபடி பச்சை. பிறகு அந்த வரி வந்தது.

"இப்ப வலியே இல்லன்னு எழுதியிருக்கார் ஆன்ட்டி," என்றாள் பிரீத்தி. "ஆஸ்பத்திரில தப்பா சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம் தப்பில்லன்னு தெரிஞ்சுது. அப்பவும் எனக்கு பயமே வரல. அப்பா என்கிட்ட சொல்லிட்டுப் போறார்னு தோணுச்சு. ஒன்பது நாளா அத வெச்சுட்டுதான் நான் நிக்கறேன்."

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பர்வின் தன் கையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அவர்தாம்மா எழுதினார். அனுப்பினது மட்டும் நான்," என்றாள்.

எப்படி என்பதையும் சொன்னாள்: இருண்ட திரை, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டியது, பெரிய கீ.

"அப்ப அத எழுதும்போது வலி இருந்திருக்கு," என்றாள் பிரீத்தி.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டதையும் பர்வின் இப்போது சொன்னாள். தான் வெளியே போய்ப் பார்க்காமல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள். பிரீத்தி கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கிளம்ப எழுந்தவள், ஏதோ நினைவு வந்து நின்றாள்.

"சாயங்காலம் தொட்டதும் நீங்கதானா?"

எந்தச் சாயங்காலம் என்று பர்வின் கேட்டாள். டல்லாஸ் ஏர்போர்ட்டில் மடியில் லேப்டாப்போடு ஃப்ளைட்டுக்குக் காத்திருந்தபோது, அங்கே ஏழு மணி, இங்கே ஐந்து, அப்பாவின் பெயர் இன்னொரு தடவை பச்சையானதாம். இரண்டு, மூன்று நிமிடம் இருந்ததாம். இந்தத் தடவை பிரீத்தி ஒன்றும் எழுதவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாளாம், அது அணையும் வரை.

பர்வின் இல்லையென்று தலையை ஆட்டினாள். ஒன்றரைக்கே லேப்டாப்பை மூடி, போலீஸ் பையில் போட்டு டேப் ஒட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனில் யாராவது திறந்திருப்பார்கள் என்று பர்வின் சொன்னாள். ஷம்சுதீனும் பிறகு அதையேதான் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த லேப்டாப்பைப் போலீஸ் பையிலிருந்து வெளியே எடுத்தபோது, அதன் மேல் ஒட்டிய டேப் கிழியாமல் இருந்தது என்று பிரீத்தி சொல்லிவிட்டுப் போனதை பர்வின் கணவரிடம் சொல்லவில்லை.

பர்வின் அந்தக் கடையை விடவில்லை. ஒரு வாரம் வீட்டிலிருந்தே எழுதிப் பார்த்தாள். மேல்வீட்டில் சத்தமே இல்லாத அந்த அமைதி அவளுக்கு ஆகவில்லை. மறுபடி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். எதிர் மேசையில் வேறு வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள். யாருடைய லேப்டாப்பாவது இருண்டுபோனால் அவள் தொடுவதில்லை. சில நாள், ஒரு மணி வாக்கில், பக்கத்தில் எங்கோ ஒரு டிங் கேட்டால் முதுகு நிமிர்ந்துவிடும். பார்த்தால் யாரோ ஒரு காலேஜ் பெண் சிரித்துக்கொண்டே டைப் அடித்துக்கொண்டிருப்பாள்.

கடையை 2009-ல் மூடினார்கள். அதற்குச் சில வாரம் முன்பு ஒரு மதியம், எதிர் மேசை இளைஞன் ஒருவன் எழுந்து நின்று, ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். பர்வின் தன் லேப்டாப் மூடியைத் தாழ்த்தினாள். உன் பெயர் என்ன, எங்கே போகிறாய் என்று கேட்டாள். அவன் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.